எட்டுப் பல்லா, ஒன்பது பல்லா

ஜட்காவிலிருந்து இறங்குவதற்குத் தங்கசாமிக்கு ஒரு முறை உண்டு. முதலில் கைத்தடி, பிறகு வலது கால், கடைசியில்தான் முழங்கால் மடங்காத அந்த இடது கால். யாராவது கை நீட்டினால் கோபம் வந்துவிடும். அதனால் அவர் மனைவி சௌந்திரம் முதலிலேயே இறங்கி, சேலம் அரிசிப்பாளையத்து மாதா கோயிலின் சிலுவையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றாள்.

"எறங்கிப்போட்டேன். இனித் திரும்பலாம்."

"நான் காக்காயப் பாத்துட்டு நின்னேனுங்க மாமா."

"ஆமா, நம்மூருப் புதுச்சத்திரத்துல காக்காயே இல்ல பாரு."

இன்றைக்கு அவருக்கு மனது நன்றாக இருக்கிறது என்று சௌந்திரம் தெரிந்துகொண்டாள். வாயைக் கிளறுகிற நாளெல்லாம் நல்ல நாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கரும்பாலை எஞ்சினின் பெல்ட்டில் அந்தக் கால் சிக்கியது. அன்றைக்குப் புகையிலைக் கொட்டகைக்குள் நுழைந்த கார் அப்புறம் வெளியே வரவில்லை. கிளட்ச்சை மிதிக்க இடது கால் வேண்டுமே! விற்கச் சொல்லிக் கேட்டவர்களையெல்லாம், "அது தூங்குது, எழுப்பாதீங்க," என்று திருப்பி அனுப்பினார். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே அதை எழுப்பி, ஒரு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, செபஸ்தியான் மேஸ்திரியின் இந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார்.

ஏன் எழுப்பினார் என்று ஊர் கேட்டது. ஏன் இங்கே என்று சௌந்திரம் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

சேலத்தில் ஒர்க்‌ஷாப்புக்கா பஞ்சம்? செபஸ்தியான் மேஸ்திரியின் மனைவி ரோசி. ரோசியின் தம்பி கிறிஸ்துராஜ், ஏற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கிறிஸ்துராஜைத்தான் தங்கசாமியின் ஒரே மகள் பாவாயி, மூன்று வருஷத்துக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். சேதி வந்த அன்று தங்கசாமி பங்காளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, கிணற்று மேட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்குத் தலை முழுகுவதைப் போல, இருக்கிறவளுக்கு முழுகினார். அதன் பிறகு அந்தப் பேர் வீட்டில் எழவில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வாசலில் வந்து இறங்கினால் என்ன அர்த்தம்?

கேட்டபோது, "மேஸ்திரிகிட்டத்தான் அந்த அமெரிக்கா வண்டி கெடக்குது," என்று முடித்துவிட்டார்.

அதுவும் பொய்யில்லை. தர்மபுரி ரோட்டில் புளியமரத்தில் மோதி நசுங்கிய ஒரு பெரிய அமெரிக்கக் காரைச் செபஸ்தியான் வாங்கிப் போட்டிருந்தார். அதில் கிளட்ச் கிடையாது. அதற்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் என்கிற ஓர் எண்ணெய்ச் சட்டி. அதோடு இரண்டே கியர். அதைக் கழற்றி, அடித்தளத் தகட்டை வெட்டி, சின்னக் காருக்குள் உட்கார வைக்கத்தான் மூன்று வாரம் ஆனது.

இன்றைக்குப் பாக்கி இருந்தது பின் அச்சு ஒன்றுதான்.

கார் மரக்கட்டைகளின் மேல், பின் சக்கரமில்லாமல் நின்றது. மேல்மூடி இல்லாத இரண்டு சீட்டு வண்டி. பாசிப்பச்சை நிறம். புகையிலைக் கொட்டகையின் காரம் இன்னும் அதன் சீட்டுத் தோலில் இருந்தது. சௌந்திரம் யாரும் பார்க்காதபோது கதவின் விளிம்பைத் தொட்டாள்.

நாற்பத்தேழாம் வருஷம். ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்டு, தங்கசாமி போய் இந்தக் காரை வாங்கி வந்தார். மறுநாளே இவளை உட்கார வைத்து நாமக்கல் ரோட்டில் விட்டார். எதிர்க்காற்றில் கொண்டை அவிழ்ந்து, கனகாம்பரச் சரம் பறந்து, பின்னால் வந்த பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அந்த பஸ் டிரைவர் புதுச்சத்திரம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். நாலு வயசுப் பாவாயி இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்று, "இன்னும் சோரா, இன்னும் சோரா!" என்று கத்தினாள். அவர் சிரித்த சிரிப்பு! அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது?

"வாங்க கவுண்டரே, வாங்கம்மா," என்று காரின் அடியிலிருந்து குரல் வந்தது. குரலுக்குப் பிறகுதான் செபஸ்தியான் வந்தார். ஐம்பது வயசு, முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"முடிஞ்சுதா மேஸ்திரி?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

சாக்கின் மேல் இரண்டு இரும்பு உருண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தட்டு மாதிரி ஒரு பெரிய பல் சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னச் சக்கரம்.

"பெரிசு கிரவுன், சின்னது பினியன். இது ரெண்டும்தான் எஞ்சினோட சுத்தைப் பின் சக்கரத்துக்குக் கொடுக்குது. இது உங்க வண்டியோடது. பினியனுக்கு ஒன்பது பல். அது அதே கம்பெனியோட வேன்ல இருந்து எடுத்தது. எட்டுப் பல். ரெண்டும் இந்த அச்சுக்குள்ள உக்காரும்."

"ஒரு பல்லுல என்ன வந்துச்சு?" என்றாள் சௌந்திரம்.

"ஒரு பல்லுலதாம்மா எல்லாமே." அவர் சாக்பீஸால் பெரிய சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, சின்னதைக் கையால் சுற்றினார். "எண்ணுங்க."

அவள் எண்ணினாள். ஒன்பது பல்லில் நாலு சுற்றும் கொஞ்சமும் வந்தபோது கோடு பழைய இடத்துக்குத் திரும்பியது. எட்டுப் பல்லில் அஞ்சையும் தாண்டியது.

"அப்ப, எட்டுன்னா எஞ்சின் நெறையச் சுத்தோணும், சக்கரம் மெதுவாச் சுத்தும்."

"அதேதான்! மெதுவா சுத்தும், ஆனா மூச்சுப் பிடிச்சு இழுக்கும். ஒன்பதுன்னா பறக்கும், ஆனா மேட்டைக் கண்டா முக்கும். முன்னே ஒன்பதே மலையேறிச்சு, ஏன்னா கிளட்ச் இருந்துச்சு. இப்ப எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல வெறும் எண்ணெய். ஒரு காத்தாடி எண்ணெயை வீசும், அது மோதி எதிர்க் காத்தாடி சுத்தும். பத்துல ரெண்டு பங்கு வலுவை அந்தச் சட்டியே குடிச்சிடும்."

தங்கசாமி அந்த எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எறக்கத்துல எஞ்சின் புடிக்குமா?"

"கிளட்ச் வண்டி மாதிரி புடிக்காதுங்க. எண்ணெய் வழுக்கி விடும். ஆனா—"

"செரி. ஒம்பதையே போடு."

"கவுண்டரே, என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த ரோடு, எத்தனை தலை, என்ன சுமை? மூணும் சொல்லாம நான் பல்லைத் தொட மாட்டேன்."

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் குந்தினார். அந்த ஒர்க்‌ஷாப்புத் தரை முழுக்க அப்படிப்பட்ட எழுத்துகள். 'ஆத்தூர் ரோடு, மூணு தலை, மரவள்ளி மூட்டை.' 'மேட்டூர், அஞ்சு தலை, கல்யாணம்.'

"நாமக்கல் ரோடு," என்றார் தங்கசாமி. "ஒரு தலை. சுமை இல்ல."

செபஸ்தியான் எழுதினார். அந்த 'ஒரு தலை'யைச் சௌந்திரம் படித்தாள், மறுபடியும் படித்தாள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த வண்டியில் இடம் இல்லையா?

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் போயிச் சவரம் பண்ணிக்கிட்டு, வயித்துக்கும் ஏதாச்சும் பாத்துட்டு வாரேன்," என்று தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். காலையில் இருந்த அந்தக் கிண்டல் முகம் எங்கே போனது?

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே வீடு. ரோசி கதவிடுக்கில் நின்று கையை ஆட்டினாள்.

"உள்ள வாங்கக்கா. காப்பி ஆறுது."

"ஆறட்டும். அவரு பாத்தா..."

"சவரம் பண்ணப் போனவரு கண்ணாடியைத்தான் பாப்பாரு. வாங்க."

சௌந்திரம் உள்ளே போனாள். இந்த மூன்று வாரத்தில் நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ரோசி ஏதோ சொல்ல வருவாள், விழுங்கிவிடுவாள். இன்று விழுங்கவில்லை.

"அக்கா, உங்க பொண்ணுக்கு ஏழு மாசம்."

சௌந்திரம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"ஏழு. ஏழாவது பொறந்து பத்து நாள் ஆச்சு. நல்லாத்தான் இருக்கா. கால் மட்டும் கொஞ்சம் வீங்குது. ஆஸ்பத்திரியில சிஸ்டர் சொல்லிட்டாங்க, கீழ கூட்டிட்டுப் போறதா இருந்தா இந்த மாசமே போயிடணும், எட்டு பொறந்தா அந்த இருபது வளைவுல இறக்கக் கூடாதுன்னு."

"அவ என்ன சொல்றா?"

"அவ என்ன சொல்லுவா? பிரசவத்தை நான் பாத்துக்கறேன், எங்க வீட்டுக்கு வான்னேன். சிரிச்சா. அப்புறம் சொல்றா: 'மதினி, எங்கூர்ல ஏழாம் மாசம் அப்பனும் ஆத்தாளும் சேந்து கட்டுச்சோறு கட்டிட்டு வருவாங்க, கூடை நெறைய வரும்'னு. அதுல என்னென்ன சோறுன்னு எனக்கு வரிசையா ஒப்பிச்சா அக்கா. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு... அரிசிம்பருப்பு சொல்லும்போது வாய் கோணிடுச்சு. எந்திரிச்சுப் போயிட்டா."

சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டுமாவது ஒரு பஸ் ஏறி..."

"நான் மட்டும் போனா அது விருந்தாளி போன மாதிரி அம்மிணி. அப்பனும் ஆத்தாளும் ஒண்ணாப் போயி எறங்குனாத்தான் கட்டுச்சோறு. ஒத்தையாக் கொண்டு போறது பொறந்த ஊடு இல்லாதவளுக்குக் குடுக்கற சோறு. அதை என்ற புள்ளைக்கு நான் குடுப்பனா?"

"அப்ப அவரைக் கேளுங்க."

"அந்தப் பேரை எடுத்தே மூணு வருஷமாச்சு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. செபஸ்தியான் ஒன்பது பல்லைத் தூக்கி அச்சுக்குள் வைக்கப் போகிறார். அது உள்ளே போய்விட்டால் இந்தக் கார் நாமக்கல் ரோட்டுக்கு மட்டும்தான். மலை இதன் கணக்கிலேயே இருக்காது.

சௌந்திரம் எழுந்தாள்.

"மேஸ்திரி, நிறுத்துங்க. அவரு மாத்திச் சொல்லச் சொன்னாருங்க. எட்டைப் போடுங்க."

செபஸ்தியான் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப சொன்னாரு?"

"போறப்ப."

"போறப்ப நானும் இங்கதானே இருந்தேன்?"

"கண்ணுல சொன்னாருங்க."

மேஸ்திரி சுவரில் மாட்டியிருந்த புனித அந்தோணியார் படத்தைக் காட்டினார். "அவரைப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"அவரு உங்க சாமிங்க. உங்க சாமிகிட்ட நான் சொன்ன பொய்யி, எங்க சாமி கணக்குல வராது."

ரோசி கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள். செபஸ்தியான் சிரிக்கவில்லை. மெதுவாகக் குந்தி, கையால் பழைய எழுத்தை அழித்தார்.

"எந்த ரோடு?"

"ஏற்காடு."

"எத்தனை தலை?"

"போறப்ப ரெண்டு. வாரப்ப..." அவள் யோசித்தாள். "வாரப்பவும் ரெண்டுதானுங்க. அப்பனும் மவளும். நான் பஸ்ஸுல வந்துக்குவேன்."

சாக்பீஸ் கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றது.

"சுமை?"

"ஒரு கூடைச் சோறு."

செபஸ்தியான் எழுதி முடித்துவிட்டு எட்டுப் பல்லைத் தூக்கினார். "கவுண்டர் தடியால அடிச்சா, முதல் அடி எனக்கு," என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்கு வண்டி தரையில் நின்றது. தங்கசாமி மீசையைக் கத்தரித்து, கன்னம் பளபளக்க வந்து சேர்ந்தார். தரையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிடுவாரோ என்று சௌந்திரம் அதன் மேலேயே நின்றுகொண்டாள்.

அவர் சீட்டில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி வைத்தார். கிளட்ச் மிதி இருந்த இடம் காலியாக இருந்ததால் கால் நேராக, வலியில்லாமல் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, பிறகு பேசியது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அதே குரல்.

"ஏறு," என்றார்.

"ஒரு தலைன்னீங்க?"

"ஏறுன்னா ஏறு புள்ள!"

அவள் ஏறிக்கொண்டாள். அவர் வலது காலை லேசாக அழுத்தினார். எந்தக் குலுக்கலும் இல்லாமல், தண்ணீரில் விட்ட பரிசல் மாதிரி வண்டி நகர்ந்தது. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. கடைவீதியில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பழக்கடைக்காரர், "அடே, பச்சை வண்டி!" என்று கத்தினார். தங்கசாமி கையை உயர்த்தினார், பழைய நாள் மாதிரியே.

கொண்டலாம்பட்டி தாண்டியதும் ரோடு நீளமாக விரிந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த வானம். இரண்டு பக்கமும் சோளத்தட்டு ஈரமாக மின்னியது. அவர் கால் இறங்கியது. இருபத்தஞ்சு. முப்பது. சௌந்திரம் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தஞ்சு. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நாற்பதில் அது ஓலமிட்டது. முள் அதற்கு மேல் போகவில்லை.

அவர் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"இது ஒம்பது இல்ல."

சௌந்திரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி இப்படிப் பண்ண மாட்டான். ஆரு மாத்துனது?"

"நாந்தானுங்க."

"ஏன்?"

"அவளுக்கு ஏழு மாசமுங்க மாமா." வாயிலிருந்து வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. "இந்த மாசம் போனா எறக்க முடியாதாமா. நீங்க தலை முழுகுனீங்க, நான் ஒண்ணும் பேசலை. தண்ணி உங்க தலையில ஊத்துனீங்க, என்ற வவுத்துல ஊத்துலயே! இந்த வண்டி மலையேறுனா, உங்களை எப்படியாச்சும் ஏத்திப்போடலாம்னு... பொய் சொன்னது தப்புத்தான். அடிக்கறதுன்னா அடிங்க."

தங்கசாமி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். ஒரு கட்டை வண்டி அவர்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார்.

"ஏழு மாசம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?"

அவள் திரும்பினாள்.

"ரோசி அம்மிணி போன மாசமே கூட்டுறவுச் சொசைட்டி விலாசத்துக்கு எனக்குக் காயிதம் போட்டுட்டா. அதைப் படிச்சுப்போட்டுத்தான் வண்டியைக் கொட்டாயில இருந்து இழுத்தேன். வேற எதுக்கு இழுத்தேன்? நாமக்கல் சந்தைக்குப் போறதுக்கா?"

"அடிப் பாவி! அவ எங்கிட்ட மூச்சு உடலியே!"

"நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். ஆவாம போச்சுன்னா, உனக்குத் தெரியாமயே போயிரட்டும்னு."

"ஒரு டாக்சி பேசிக்கலாமுங்களே?"

"தலை முழுகுனவன் டாக்சியில போயி எறங்கட்டுமா? கூலிக்காரன் ஓட்ட, நான் பின்னால உக்காந்துட்டு, வா சாமின்னு கூப்புடட்டுமா? அவளைக் கூட்டியாரதுன்னா என்ற கையாலதான் ஓட்டிக் கூட்டியாரோணும். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லத் தெரியும்?"

"அப்புறம் ஏனுங்க ஒம்பது போடச் சொன்னீங்க?"

அவர் குரல் இறங்கியது. "நீ ஏறுறதையே நெனச்சுட்டு இருக்கறே. நான் எறங்கறதை நெனச்சேன். எறக்கத்துல எஞ்சின் புடிக்காதுன்னு அவனே சொல்லிப்போட்டான். அப்புறம் பிரேக்குதான். இருபது வளைவு, ஒத்தக் காலு, மழை ஈரம். பக்கத்துல புள்ளத்தாச்சி. பாதி மலையில பிரேக்கு சூடேறி உட்டுப்போச்சுன்னா? மலையே வேண்டாம்னுதான் ஒம்பதுன்னேன், உன்னையக்கூட ஏத்த வேண்டாம்னுதான் ஒரு தலைன்னேன். பயமா இருந்துச்சு புள்ள. அதைப் போயி மேஸ்திரிகிட்டச் சொல்ல முடியுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லிச் சௌந்திரம் கேட்டதில்லை. பெல்ட்டில் கால் போன அன்றுகூடச் சொல்லவில்லை.

"மேஸ்திரி 'ஆனா'ன்னு என்னமோ சொல்ல வந்தாருங்க," என்றாள் மெதுவாக. "நீங்க உடலை."

"என்ன ஆனா?"

"எனக்கென்னங்க தெரியும்? எட்டுன்னா எஞ்சின் நெறையச் சுத்தோணும், சக்கரம் மெதுவாச் சுத்தும்னாரு. கெணத்துல மாடு கட்டிக் கவலை இறைக்கறப்ப, மாட்டை முன்னாடி ஓட்டறப்பவும் கயிறு இறுக்கமா இருக்குது, பின்னாடி வரப்பவும் தண்ணிச் சாலைப் புடிச்சுட்டுத்தானுங்களே வருது? இழுக்கறது, புடிக்காமயா போயிரும்?"

தங்கசாமி அவளையே பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச தூரத்தில் ரோடு ஓர் ஓடைப் பாலத்துக்கு இறங்கியது. சரிவின் உச்சியில் நிறுத்தி, கைப்பிடியைக் கீழ்க் கியருக்குத் தள்ளினார். வலது காலைத் தூக்கித் தரையில் வைத்துக்கொண்டார்.

"பிரேக்குல கால் இல்ல. பாத்துக்கோ."

வண்டி உருண்டது. சௌந்திரம் கதவைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வேகம் எடுப்பது போல இருந்தது. அப்புறம் எஞ்சின் ஒரு முனகல் முனகியது. முதுகுக்குப் பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி அடங்கி, பொடிநடையாக இறங்கிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தது.

அவர் வண்டியைத் திருப்பினார். மேலே போய் மறுபடியும் இறங்கினார். மூன்றாவது தடவை போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி பக்கத்தில் வந்தாள்.

"ஏஞ்சாமி, வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது!"

"வண்டிக்கில்ல ஆத்தா, ஓட்டறவனுக்கு!" என்றார் தங்கசாமி.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. தொண்டையில் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. ஆனால் அதேதான். சௌந்திரம் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை எப்படி?" என்று கேட்டார்.

"வளர்பிறைங்க."

"அரிசிம்பருப்புல கத்திரிக்காயப் போட்டராதே. அவளுக்கு ஆவாது."

"எனக்குச் சொல்லித் தாரீங்களா?"

அரிசிப்பாளையத்துக்குத் திரும்பியபோது பொழுது மங்கவில்லை. தங்கசாமி வாசலிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"மேஸ்திரி! எட்டே இருக்கட்டும்."

செபஸ்தியான் கைத்துணியால் முகத்தைத் துடைத்தார். "அதைத்தானுங்க காலைல சொல்ல வந்தேன். எட்டுன்னா இறக்கத்துலயும் கொஞ்சம் புடிக்கும்னு. நீங்க வாயை அடைச்சிட்டீங்க."

"இனி அடைக்கலை. ரோசி அம்மிணி!"

ரோசி ஓடி வந்தாள். கையில் மாவு.

"உன்ற தம்பி ஊட்டுக்கு ஒரு கார்டு போடு. வியாழக்கிழமைன்னு எழுது."

"இப்பவே எழுதறேங்க! அப்பா வராருன்னு எழுதட்டுமா?"

தங்கசாமி ஸ்டியரிங்கின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையில் ஊற்றிய தண்ணீரை எந்த வார்த்தையால் திருப்பி எடுப்பது? அந்தப் பெண்ணும் அவர் ரத்தம்தானே? வா என்றதும் வந்துவிடுவாளா? சௌந்திரமும் அதைத்தான் நினைத்தாள், கேட்கவில்லை.

"வண்டி வருதுன்னு எழுது," என்றார் கடைசியில். "வண்டின்னா அவளுக்கு உசுரு. கூட ஆரு வாராங்கன்னு வந்தப்பறம் அவளே பாத்துக்கட்டும். ஏறுறதுன்னா ஏறட்டும்."

ரோசி மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டி நகர்ந்தது. தங்கசாமி ஏதோ பழைய மெட்டை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார். ரோசிக்குக் கை காட்டலாம் என்று சௌந்திரம் திரும்பினாள்.

வாசலில் ரோசி இல்லை. செபஸ்தியான் மட்டும், வண்டி நின்ற இடத்தில் குந்தியிருந்தார். தரையில், வண்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய், உள்ளங்கை அகலத்துக்கு. அதில் விரலைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், மறுபடியும் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து வண்டியின் பக்கம் பார்த்தபோது, அவர் முகம் காலையில் இருந்த முகமாக இல்லை.

மெட்டு சரணத்துக்கு வந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு அப்புறம் பாடுகிறவர். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிடலாமா?

சௌந்திரம் அவர் கையின் மேல் கையை வைத்தாள்.

"ஏனுங்க மாமா, வண்டியைச் சித்த நிறுத்துங்க."